வில், கோயிங் டு, ஷல், -இங்: "வருவேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது?

பனங்காடு கேட்டது:

வணக்கம். தமிழில் "வருவேன்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "ஐ வில் கம்", "ஐ ஆம் கோயிங் டு கம்", "ஐ ஆம் கமிங்", "ஐ கம்", "ஐ ஷல் கம்", "ஐ வில் பி கமிங்" என்று ஆறு வழி இருக்கிறது. பக்கத்தில் நடக்கப்போவதற்குக் கோயிங் டு, தள்ளி நடக்கப்போவதற்கு வில் என்று பல கையேடுகளில் போட்டிருக்கிறார்கள். இது சரிதானா?

அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் சில வாக்கியங்கள் கீழே. எது தப்பு, ஏன் தப்பு என்று காரணத்தோடு சொல்லுங்கள். "காதுக்கு நல்லா இல்லை" என்கிற பதில் வேண்டாம்.

1. "வன்ஸ் ஐ வில் ரீச் சென்னை, ஐ வில் கால் யூ."
2. "தி வாட்ச்மேன் வில் லாக் தி கேட் அட் டென் எவ்ரி நைட்."
3. "ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ."
4. "டோன்ட் வொரி, ஐ ஆம் ஹெல்பிங் யூ."
5. "ஐ வில் சப்மிட் தி ரிப்போர்ட் டில் மண்டே."
6. "இட் இஸ் ரெய்னிங் டுமாரோ."

---

வண்டல்மண் பதில்:

அந்தப் பக்கம்–தூரம் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். போன் மணி அடிக்கிறது. ஒருவர் "ஐல் கெட் இட்" என்று எழுகிறார். எடுக்கப்போவது அடுத்த நொடியில், ஆனாலும் வில். சூரியனைப் பற்றிப் பேசும்போது "தி சன் இஸ் கோயிங் டு டை இன் அபௌட் ஃபைவ் பில்லியன் இயர்ஸ்" என்று சொல்லலாம். 500 கோடி ஆண்டு தள்ளி இருக்கிறது, ஆனாலும் கோயிங் டு. இடைவெளியை வைத்துப் பிரித்தால் இரண்டும் இடிக்கும்.

பார்க்க வேண்டியது வேறு. வாயைத் திறக்கும் இந்தக் கணத்தில் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முடிவு இப்போதுதான் பிறக்கிறதா, ஏற்கெனவே மனதில் இருக்கிறதா, அடுத்தவரோடு பேசி ஏற்பாடே ஆகிவிட்டதா, யாரோ போட்ட அட்டவணையில் கிடக்கிறதா?

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வந்து அதைச் சொல்கிறார்.

"ஓ, ஐல் புக் ஒன்." உங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது, இப்போதுதான் முடிவெடுத்தீர்கள்.

"ஐ நோ, ஐ ஆம் கோயிங் டு புக் ஒன் டுநைட்." காலையிலேயே தெரியும், ராத்திரி புக் பண்ண நினைத்திருந்தீர்கள். இன்னும் செய்யவில்லை.

"தே ஆர் டெலிவரிங் ஒன் டுமாரோ." புக்கிங் முடிந்தது, ஏஜென்சியும் நாளைக்கு என்று சொல்லிவிட்டது. இரண்டு தரப்பு சேர்ந்த ஏற்பாடு.

"தி ஏஜென்சி ஓபன்ஸ் அட் நைன்." உங்கள் விருப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேரப்பட்டியல்.

இதில் ஒன்றை இடம் மாற்றிப் பாருங்கள். "ஐ நோ, ஐல் புக் ஒன்" என்றால் "தெரியும்தான், சும்மா இருந்தேன், நீ கேட்டதால் இப்போ பண்றேன்" என்ற வாடை அடிக்கும். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அர்த்தம் வேறாகிவிட்டது. வில்லும் கோயிங் டுவும் மாறும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்: வாக்கியம் சரியாக இருக்கும், சொல்ல வந்தது தப்பாக இருக்கும்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "-ப் போகிறேன்" கிட்டத்தட்ட அப்படியே கோயிங் டு. "புக் பண்ணப்போறேன்", "அந்தச் சுவர் விழப்போகுது" இரண்டும் நேராகப் பொருந்தும். ஒன்று ஏற்கெனவே இருக்கும் எண்ணம், மற்றது கண்ணெதிரே தெரியும் அறிகுறி.

கண்ணி இருப்பது "பண்றேன்" என்பதில். பேச்சுத் தமிழில் அந்த நொடியில் கொடுக்கும் வாக்குறுதிக்கு நிகழ்காலம்தான் வரும்: "நான் பாத்துக்கறேன்", "சாயங்காலம் போன் பண்றேன்", "கவலைப்படாதீங்க, நான் உதவி பண்றேன்". இதை நிகழ்காலம் என்று நினைத்து -இங் போட்டால் உங்கள் 4-வது வாக்கியம் பிறக்கிறது. "ஐ ஆம் ஹெல்பிங் யூ" என்றால் இப்போதே உதவிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். வாக்குறுதிக்கு "ஐல் ஹெல்ப் யூ". "தர்றேன், சொல்றேன், பாக்கறேன், வந்துடுறேன்" என்று தமிழில் வாய் சொன்னால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வில் என்று பழகிக்கொள்ளுங்கள்.

6-வது வாக்கியத்தில் சிக்கல் மழை. எதிர்காலத்துக்கு -இங் போட வேண்டுமானால் யாராவது ஏற்பாடு செய்திருக்க வேண்டும். "ஐ ஆம் மீட்டிங் தி டாக்டர் அட் ஃபோர்" சரி, அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறீர்கள். மழையிடம் யாரும் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதில்லை. மேகம் கறுத்து நிற்கிறது என்றால் "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்". உங்கள் கணிப்பு என்றால் "ஐ திங்க் இட் வில் ரெய்ன்". வெறும் கணிப்புக்கு இரண்டில் எதைப் போட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அங்கே மயிர் பிளக்க வேண்டாம்.

பெய்யாது என்று நினைத்தால் "ஐ டோன்ட் திங்க் இட் வில் ரெய்ன்". தமிழில் மறுப்பு வினையில் இருக்கிறது ("பெய்யாதுன்னு நினைக்கிறேன்"), ஆங்கிலத்தில் அது "திங்க்" பக்கம் தாவிவிடும். "ஐ திங்க் இட் வோன்ட் ரெய்ன்" தப்பில்லை, ஆனால் மொழிபெயர்ப்பு என்று காட்டிக்கொடுத்துவிடும்.

2-வது வாக்கியம் முழுக்கத் தமிழின் கைங்கரியம். நம் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் சுமக்கிறது. "வாட்ச்மேன் தினமும் 10 மணிக்குப் பூட்டுவார்", "சூரியன் கிழக்கே உதிக்கும்", "பசு பால் தரும்" எதுவும் நாளைய சங்கதி அல்ல. ஆங்கிலத்தில் இவை மூன்றும் சாதாரண நிகழ்காலம்: "லாக்ஸ்", "ரைசஸ்", "கிவ்ஸ்". "வில் லாக் எவ்ரி நைட்" என்று மெயிலில் எழுதினால், படிப்பவர் இது இனிமேல் வரப்போகும் புது ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்திலும் வழக்கத்துக்கு வில் உண்டு ("ஹீ வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்", மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பார்), ஆனால் அது ஒருவருடைய குணத்தைச் சொல்லும் தொனி. டியூட்டி நேரம் எழுதும் இடத்தில் உதவாது.

கடந்துபோன வழக்கத்துக்கும் நாம் இதே வடிவத்தைத்தான் போடுகிறோம்: "சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்." அங்கே "வீ வுட் பேத் இன் தி ரிவர்" அல்லது "வீ யூஸ்ட் டு பேத்". வில் கூடாது.

---

கருப்பட்டி பதில்:

1-வது வாக்கியத்துக்கு மட்டும். "இஃப், வென், வன்ஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ், இன் கேஸ், அன்லெஸ்" இவற்றில் ஒன்று தலையில் நின்று நேரத்தையோ நிபந்தனையையோ சொன்னால், அந்தத் துண்டுக்குள் எதிர்கால வில் வராது. "வன்ஸ் ஐ ரீச் சென்னை, ஐல் கால் யூ." எதிர்காலம் என்ற வேலையை முக்கிய வாக்கியத்தின் வில் ஒன்றே செய்துவிடுகிறது.

இதற்குத் தமிழைக் குற்றம் சொல்வது வழக்கம், ஆனால் தமிழ் இங்கே நம் பக்கம்தான் இருக்கிறது. "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்", "மழை பெஞ்சா வரமாட்டேன்". சேர்ந்ததும், பெய்தால் இரண்டும் இறந்தகால அடியிலிருந்து வந்தவை. "சேர்வதும் கூப்பிடுறேன்", "பெய்வால்" என்று யாரும் சொல்வதில்லை. ஆக, நிபந்தனைக்குள் எதிர்காலம் போடக்கூடாது என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும். பிழை வருவது, "நாளைய விஷயம் என்றால் வில் போடு" என்ற பள்ளிச் சூத்திரத்தை எல்லா இடத்திலும் ஓட்டுவதால். "வரும்வரை", "போகும்போது", "கிளம்பும் முன்" என்று -உம் வரும் இடங்களில் மட்டும் தமிழும் கொஞ்சம் இழுக்கும்: "வெயிட் அன்டில் ஐ வில் கம்" என்று வந்து விழும். "வெயிட் அன்டில் ஐ கம்" போதும்.

விதிவிலக்கு போல் தெரியும் இரண்டு இடங்கள்:

"ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்." இங்கே இஃப் நிபந்தனை அல்ல; "வருவாரா என்று தெரியவில்லை" என்பதில் இருக்கும் "-ஆ". இஃப்பை எடுத்துவிட்டு "வெதர்" போட்டுப் பாருங்கள், வாக்கியம் நின்றால் வில் வரலாம். வென்னுக்கும் அப்படியே: "ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்", எப்போது வருவார் என்று தெரியாது. இங்கே "வென் வில் ஹீ கம்" என்று திருப்பிப் போடுவது தனிப் பிழை. உள்ளே போன கேள்விக்கு நேர்வரிசைதான்.

"இஃப் யூ வில் வெயிட் எ மொமென்ட்..." இது பணிவு. இங்கே வில் "சம்மதித்தால்" என்ற பழைய பொருளில் நிற்கிறது. ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்கலாம். மெயிலில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

"ஐ ஹோப்" வந்தால் வில்லும் சரி, நிகழ்காலமும் சரி: "ஐ ஹோப் யூ கெட் தி ஜாப்." "மேக் ஷுர்" வந்தால் நிகழ்காலமே நல்லது: "மேக் ஷுர் தி லைட்ஸ் ஆர் ஆஃப்."

---

எட்டுக்கல் பதில்:

எல்லோரும் ஐ, வீ இரண்டுக்கும் வில் போட்டுக்கொண்டே போகிறீர்கள். தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில். உறுதி, கட்டளை என்றால் தலைகீழாக. இதுதானே இலக்கணம்? "ஐ வில் ட்ரௌன், நோ ஒன் ஷல் சேவ் மீ" என்று கத்தியவனை, அவனே சாக விரும்புகிறான் என்று கரையில் நின்றவர்கள் விட்டுவிட்டார்கள் என்ற ஜோக்கே இந்த விதியை வைத்துத்தானே?

---

வண்டல்மண் பதில்:

ஜோக் நல்ல ஜோக். ஆனால் கரையில் நின்றவர்களைப் போல இன்று யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை.

அந்த விதியின் ஊற்று 1653-ல் ஜான் வாலிஸ் எழுதிய ஆங்கில இலக்கணம். ஆங்கிலத்துக்கான இலக்கணத்தை அவர் லத்தீனில் எழுதினார் என்பது தனி வேடிக்கை. பின்னால் வந்த பள்ளிப் புத்தகங்கள் அதையே படியெடுத்தன, நம் ஊருக்கும் அது அப்படியே வந்து சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் வில் என்றால் விரும்புதல், ஷல் என்றால் கடன்பட்டிருத்தல். இரண்டுமே எதிர்காலத்துக்கென்று பிறந்த சொற்கள் அல்ல. ஒன்று ஆசையிலிருந்தும் மற்றது கடமையிலிருந்தும் கிளம்பி எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்தவை. கோயிங் டுவும் அப்படித்தான், நடையிலிருந்து வந்தது. நம் "போகிறேன்" போன அதே பாதை. வினைச்சொல்லின் உருவை வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றே ஒன்று கிடையாது, இருப்பது இரண்டே காலம் என்று சொல்லும் மொழியியலாளர்கள் உண்டு. நீங்கள் கேட்ட ஆறு வழிக்கும் காரணம் அதுதான்: தனி விகுதி இல்லாததால் ஆளுக்கொரு துணைவினையை இரவல் வாங்கி ஓட்டுகிறது.

1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் "வீ ஷல் ஃபைட் ஆன் தி பீச்சஸ்" என்றபோதும், 1942 மார்ச்சில் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா வந்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் "ஐ ஷல் ரிட்டர்ன்" என்றபோதும் இருவர் பேச்சிலும் உறுதி கொப்பளிக்கிறது. உங்கள் விதிப்படி உறுதி என்றால் தன்மைக்கு வில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விதி அப்போதே ஆட்டம் கண்டிருந்தது.

இன்று ஷல் உயிரோடு இருக்கும் இடங்கள் இவை. "ஷல் ஐ...?" என்றால் "-ட்டுமா / -வா": "ஷல் ஐ ஓபன் தி விண்டோ?", ஜன்னலைத் திறக்கட்டுமா. "ஷல் வீ...?" என்றால் "-லாமா": "ஷல் வீ கோ?", போலாமா. இந்த இரண்டிலும் வில் போட்டால் பொருள் கெடும், "வில் ஐ ஓபன் தி விண்டோ?" என்பது "நான் திறப்பேனா?" என்று ஜோசியம் கேட்பதுபோல இருக்கும்.

அடுத்தது சட்டமும் தொழில்நுட்ப ஆவணமும். அரசமைப்புச் சட்டத்தின் முதல் கூறு "இந்தியா, தட் இஸ் பாரத், ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்". அங்கே ஷல் நாளை நடக்கப்போவதைச் சொல்லவில்லை. இப்படித்தான் என்று விதிக்கிறது. ஒப்பந்தத்தில் "தி டெனன்ட் ஷல் பே" என்றால் வாடகைதாரர் கட்டியாக வேண்டும். இணைய நெறிமுறைகளுக்கான ஆர்.எஃப்.சி. 2119 (1997 மார்ச்) ஷல்லையும் மஸ்ட்டையும் ஒரே பொருளில், தவிர்க்க முடியாத நிபந்தனையாக வைத்திருக்கிறது. டெண்டர், ஸ்பெசிஃபிகேஷன் எழுதுபவர்கள் வில்லையும் ஷல்லையும் அழகுக்காக மாற்றி மாற்றிப் போட்டால் வம்பு வரும். கட்டாயம் எது, தகவல் எது என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிரித்துக் கேட்பார். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது (2007 டிசம்பர் 1 முதல் நடைமுறை) ஷல்லைக் களைந்தார்கள்.

சாதாரணப் பேச்சிலும் மெயிலிலும் எல்லோருக்கும் வில் போடுங்கள். ஒருவரும் தப்பு சொல்லமாட்டார்கள்.

---

நெல்லிமரம் பதில்:

மிச்சம் இருப்பது 3, 5.

"ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ": இந்திய மெயில்களில் இது ஒரு தொற்று. "வுட் யூ ப்ளீஸ்" பணிவாக இருக்கிறது, ஆகவே வில்லை விட வுட் மரியாதை என்ற எண்ணத்தில் வருவது. ஆனால் வுட் பணிவாவது கேள்வியிலும் வேண்டுகோளிலும்தான்: "வுட் யூ சென்ட்", "ஐ வுட் லைக்". செய்தி சொல்லும் வாக்கியத்தில் அது நிபந்தனை. "ஐ வுட் பி ஆன் லீவ்" என்று படித்ததும் வெளிநாட்டு கிளையன்ட் அடுத்து ஒரு இஃப் வரும் என்று காத்திருப்பார். வராது. லீவா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு மெயில் போடுவார். "ஐ வில் பி ஆன் லீவ் டுமாரோ" அல்லது "ஐ ஆம் ஆன் லீவ் டுமாரோ". லீவுக்கு ஏற்கெனவே அனுமதி கிடைத்துவிட்டது என்றால் இரண்டாவதே இயல்பு.

வுட் எதிர்காலத்துக்கு முறையாக வரும் இடம் ஒன்று உண்டு: நேற்று நின்றுகொண்டு சொன்ன நாளை. "ஹீ செட் ஹீ வுட் கம்", வருவதாகச் சொன்னார். கோயிங் டுவும் இதேபோல் பின்னால் நகரும்: "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ", கூப்பிட இருந்தேன். இதைக் கேட்டதுமே "ஆனால் கூப்பிடவில்லை" என்று எதிராளி புரிந்துகொள்வார். கூப்பிட்டிருந்தால் இந்த வடிவத்தைப் போடாதீர்கள்.

5-வது: "டில்" என்றால் அதுவரை தொடர்ந்து. சப்மிட் பண்ணுவது ஒரு நொடி வேலை, திங்கள்வரை இடைவிடாமல் சப்மிட் பண்ண முடியாது. கெடு என்றால் "பை மண்டே". தமிழில் "திங்கக்கிழமைக்குள்ள" என்றால் பை, "திங்கக்கிழமை வரைக்கும்" என்றால் டில். "ஐ வில் பி ஆன் லீவ் டில் மண்டே" இலக்கணப்படி சரி, ஆனால் திங்கள் சேர்த்தியா இல்லையா என்று தெரியாது. "ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே" என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

கூடவே வரும் இன்னொன்று: "ரெண்டு நாள் கழிச்சு அனுப்புறேன்" என்பதை "ஆஃப்டர் டூ டேஸ்" என்று எழுதுகிறோம். இப்போதிலிருந்து கணக்கு என்றால் "இன் டூ டேஸ்". இரண்டு நாள் தாண்டாது என்று உறுதி கொடுக்க "விதின் டூ டேஸ்". இன், விதின் இரண்டும் ஒன்றல்ல: விதின் போட்டால் நாளைக்கே வந்தாலும் சரி.

"ஐ வில் ஃபினிஷ் பை ஃபைவ்", "ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் பை ஃபைவ்" இரண்டும் சரியே. இரண்டாவது "முடிச்சிருப்பேன்", அதாவது 5 மணிக்கு எட்டிப் பார்த்தால் வேலை முடிந்த நிலையில் இருக்கும். ஹேவுக்குப் பின் மூன்றாம் வடிவம் கட்டாயம். "வில் ஹேவ் ஃபினிஷ்" தப்பு. எழுவாய் "ஹீ" ஆனாலும் "வில் ஹேஸ்" கிடையாது. இதே வடிவம் இப்போதைய ஊகத்துக்கும் வரும்: "ஹீ வில் ஹேவ் ரீச்ட் மதுரை பை நௌ", இந்நேரம் மதுரை போயிருப்பார். கதவு தட்டும்போது "தட் வில் பி தி போஸ்ட்மேன்", தபால்காரரா இருக்கும். இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் எதிர்கால வடிவத்தை ஒரே காரியத்துக்கு வைத்திருக்கின்றன, பயமில்லாமல் மொழிபெயர்க்கலாம். மறுப்பிலும் ஒரு ஒற்றுமை: "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" அப்படியே "தி பைக் வோன்ட் ஸ்டார்ட்". உயிரில்லாத வண்டிக்கு அடம்பிடிக்கும் குணத்தை இரண்டு மொழியும் கொடுத்திருக்கின்றன.

"வோன்ட்" என்றதும் உச்சரிப்பு. வேண்டும் என்பது "வான்ட்", மாட்டேன் என்பது "வோன்ட்". "ஐ வோன்ட் டீ" என்று சொல்லிவிட்டு டீ வரவில்லை என்று கோபப்படக்கூடாது. வில்லைப் பேச்சில் முழுதாக அழுத்தினால் "கண்டிப்பா செய்வேன்யா" என்று சண்டைக்கு நிற்பதுபோல் ஒலிக்கும். "ஐல், ஹீல், வீல்" என்று சுருக்குங்கள். கோயிங் டு பேச்சில் "கன்னா" ஆகும், ஆனால் பின்னால் வினை இருந்தால் மட்டும். "ஐ ஆம் கன்னா ஈட்" சரி. மதுரைக்குப் போகிறேன் என்பதை "ஐ ஆம் கன்னா மதுரை" என்று சொல்ல முடியாது. அங்கே கோயிங் நிஜமாகவே போவது.

---

ஏடும்எழுத்தும் பதில்:

யாரும் தொடாத ஒரு பக்கம். "சாப்பிட வா" என்று கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்கிறோம், இன்னும் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. இறந்தகாலத்தில் எதிர்காலம். இது கொச்சை அல்ல. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணத்தால் முக்காலமும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. இதைக் கால வழுவமைதி என்போம். விரைவுக்காக இறந்தகாலம் வருவதைத் தொல்காப்பியமும் சொல்கிறது.

ஆங்கிலத்தில் இந்த வழுவமைதி இல்லை. "ஐ கேம்" என்றால் வந்தாகிவிட்டது. "வந்துட்டேன்" என்பதற்கு "ஐ ஆம் கமிங்" அல்லது "கமிங்!" மட்டும். "கிளம்பிட்டேன்" என்று வீட்டிலிருந்தே சொல்வதற்கு "ஐ ஆம் அபௌட் டு லீவ்" அல்லது "ஐ ஆம் ஜஸ்ட் லீவிங்". அபௌட் டு என்பதிலேயே "இதோ, இப்பவே" அடங்கியிருக்கிறது, அதனால் "ஐ ஆம் அபௌட் டு லீவ் இன் டூ அவர்ஸ்" என்று நேரம் ஒட்டக்கூடாது.

விடைபெறும்போது சொல்லும் "போயிட்டு வர்றேன்" இதேபோல் தனி. "ஐ வில் கோ அண்ட் கம்" என்று பெயர்த்தால், கடைக்குப் போய்த் திரும்பப் போகிறார் என்று காத்திருப்பார்கள். "ஐ ஆம் ஆஃப்", "சீ யூ" என்று முடித்துக்கொள்ளலாம். மங்கலத்துக்காக "போறேன்" என்று சொல்லாமல் விடும் வழக்கம் அந்த மொழியில் இல்லை.

செய்தித்தாள் நடைக்கு: "பிரதமர் நாளை சென்னை வரவுள்ளார்" என்பது "தி பி.எம். இஸ் டு விசிட் சென்னை டுமாரோ". தலைப்பில் இஸ் உதிர்ந்து "பி.எம். டு விசிட் சென்னை" ஆகும். "-உள்ளார், -விருக்கிறார்" என்று தமிழ் நாளிதழ் எழுதும் இடத்தில் எல்லாம் இதைப் போடலாம். அதிகாரபூர்வ நிகழ்ச்சி, ஆணை இவற்றுக்குத்தான். "ஐ ஆம் டு ஈட் தோசை" என்றால் யாரோ உங்களுக்குத் தோசை உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

---

பனங்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திருத்தி எழுதியவை:

"வன்ஸ் ஐ ரீச் சென்னை, ஐல் கால் யூ." "தி வாட்ச்மேன் லாக்ஸ் தி கேட் அட் டென் எவ்ரி நைட்." "ஐ ஆம் ஆன் லீவ் டுமாரோ." "டோன்ட் வொரி, ஐல் ஹெல்ப் யூ." "ஐ வில் சப்மிட் தி ரிப்போர்ட் பை மண்டே." "இட் இஸ் கோயிங் டு ரெய்ன் டுமாரோ."

இரண்டு சந்தேகம் பாக்கி. "வில் யூ கம்?", "வில் யூ பி கமிங்?" என்ன வித்தியாசம்? ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் திறன் தேர்வு) எழுத்துத் தேர்வில் 2040, 2050 வரை போகும் வரைபடம் வந்தால் எல்லா வாக்கியத்துக்கும் வில் போடலாமா?

---

நெல்லிமரம் பதில்:

"வில் யூ கம்?" என்பதை அழைப்பாகவோ வேண்டுகோளாகவோ கேட்பார்கள்: "வர்றியா, வாயேன்." "வில் யூ பி கமிங்?" உங்கள் திட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கும், நிர்ப்பந்தம் இல்லை. மேலதிகாரியிடம் "வில் யூ பி யூஸிங் தி மீட்டிங் ரூம் திஸ் ஈவினிங்?" என்று கேட்டால், "நீங்க எப்படியும் பயன்படுத்துவீங்களா, இல்லேன்னா நாங்க எடுத்துக்கறோம்" என்ற இதம் வரும். விமானத்தில் "வீ வில் பி லேண்டிங் ஷார்ட்லி" என்பதும் இதே வகை: புதிதாக முடிவெடுக்கவில்லை, ஆகவேண்டியபடி ஆகப்போகிறது. இன்னொரு பயன், குறித்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பது: "அட் டென் ஐ வில் பி டிரைவிங்", ஆகவே போன் பண்ணாதீர்கள். நோ, நீட், அண்டர்ஸ்டாண்ட் போன்ற வினைகள் இதற்கு ஒத்துவராது. "யூ வில் பி நோயிங்", "ஐ வில் பி நீடிங்" என்று எழுதாதீர்கள்.

வரைபடம்: அது வருவது அகாடமிக் பிரிவு எழுத்துத் தேர்வின் முதல் பணியில், அதற்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். எதிர்கால எண்கள் எல்லாம் யாரோ போட்ட மதிப்பீடு. வெறும் வில் போட்டால் நீங்களே சத்தியம் பண்ணுவதுபோல் இருக்கும். "இஸ் புரொஜெக்டட் டு ரைஸ்", "இஸ் எக்ஸ்பெக்டட் டு ஃபால்", "இஸ் லைக்லி டு ரிமெய்ன்" என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஒன்றிரண்டு வில் போடலாம். குறிப்பிட்ட ஓர் ஆண்டு வருவதற்குள் எட்டிவிடும் என்றால் "பை 2050, தி ஃபிகர் வில் ஹேவ் டபுள்ட்". "பவுண்ட் டு" வேண்டாம், அது "நடந்தே தீரும்". கோயிங் டுவும் இங்கே பேச்சுவாடை அடிக்கும். அதோடு வரைபடத்தில் 2010, 2020 என்று கடந்த ஆண்டுகளும் கலந்திருந்தால் அவற்றுக்கு இறந்தகாலம். கோடு எங்கே புள்ளிக்கோடாக மாறுகிறது, அல்லது எந்த ஆண்டுக்குமேல் மதிப்பீடு என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். அந்த இடத்தில்தான் காலம் மாற வேண்டும்.

---

வண்டல்மண் பதில்:

திருத்தியதில் 6 மட்டும். நாளைக்கு மழை என்று வானிலை அறிக்கையைப் பார்த்துச் சொன்னால் "இட் இஸ் கோயிங் டு ரெய்ன் டுமாரோ" சரி. அந்த அறிக்கையையே நீங்கள் எழுதுபவர் என்றால் அங்கே வில்தான் வழக்கம்: "ரெய்ன் வில் ஸ்ப்ரெட் டு டெல்டா டிஸ்ட்ரிக்ட்ஸ் பை ஈவினிங்."

மற்ற ஐந்தும் சரி.